காரணம் எழுதாத குறிப்பு வெறும் காகிதம்

கணினி வேலை பார்க்கும் பிள்ளைகள் மீது எனக்கு ஒரு வழக்கு உண்டு. குறிப்பு எழுதி வைப்பதில்லை. வைத்தாலும் ஒழுங்காக வைப்பதில்லை. பேரனிடம் கேட்டால், "எதுக்கு தாத்தா? தேடினா வந்துடும், ஏஐ-கிட்ட கேட்டா எழுதியே கொடுத்துடும்" என்கிறான். இந்தப் பேச்சைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நம் வயதுக்காரர்களுக்கு முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். புரோகிராம் எழுதுபவர்கள் எல்லாவற்றையும் புதிதாக எழுதுவதில்லை. அடிக்கடி தேவைப்படும் நாலு வரி, பத்து வரித் துண்டுகளைச் சேர்த்து வைப்பார்கள். அதற்குப் பெயர் ஸ்னிப்பெட். இயந்திரத்தை எப்படி அமைத்தோம் என்ற விவரம் கான்ஃபிக். வீட்டில் ஊறுகாய் அளவைக் குறித்து வைப்பது போலத்தான். நல்ல பழக்கம். ஆனால் சேர்க்கும் விதம்தான் சரியில்லை.

ஓர் உதாரணம். லினக்ஸ் கணினியில் ஒரு வேலை குறித்த நேரத்தில் தானாக நடக்க 'கிரான்' என்ற ஏற்பாடு இருக்கிறது. அதில் 0 2 * * 0 என்று எழுதினால், நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என்ற வரிசையில், ஞாயிறு அதிகாலை 2 மணி என்று பொருள். எப்போது என்பது இருக்கிறது. ஏன் ஞாயிறு, ஏன் 2 மணி? அது இல்லை. கிளை அலுவலகக் கணக்கு வந்து சேர 1 மணி ஆகும் என்பதற்காக ஒருவர் அப்படி வைத்திருக்கலாம். அவர் வேலையை விட்டுப் போனதும் புதியவர் 12 மணிக்கு மாற்றுவார். பாதிக் கணக்குக்குத்தான் நகல் எடுக்கப்படும். அது தெரிய வருவது அசல் கெட்டுப்போகும் நாளில்.

இன்னொன்று 777. ஒரு கோப்பைத் தொடக் கணினி அனுமதி மறுத்தால், கேட்ட இடத்திலெல்லாம் கிடைக்கும் கைவைத்தியம் இது. படிக்க 4, எழுத 2, இயக்க 1, கூட்டினால் 7. உரியவருக்கு ஒரு 7, குழுவுக்கு ஒரு 7, மற்ற எல்லோருக்கும் ஒரு 7. சாவி சிக்கிக்கொண்டது என்பதற்காகக் கதவையே கழற்றி வைக்கிற கதை! பெரும்பாலான கோப்புகளுக்கு 644 போதும். காரணம் தெரியாமல் நகல் எடுத்தவனுக்கு இது எப்படித் தெரியும்?

"இணையத்தில் எப்போதும் இருக்கும்" என்பதும் பொய். கூகுள் கோட் என்ற இடத்தில் எத்தனையோ பேர் புரோகிராம்களைப் போட்டு வைத்தார்கள். 2016 ஜனவரியில் அது மூடப்பட்டது. அதே ஆண்டு மார்ச்சில் 'லெஃப்ட்-பேட்' என்ற 11 வரித் துண்டை எழுதியவரே பொதுக் கிடங்கிலிருந்து எடுத்துவிட்டார். அதை நம்பியிருந்த ஆயிரக்கணக்கான வேலைகள் உலகெங்கும் நின்றன. 11 வரி, ஐயா!

நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் கிறுக்கிப் பார்க்க 'புரூய்யோன்' என்று ஒரு நோட்டு, சுத்தப்பிரதிக்கு இன்னொரு நோட்டு. கணக்கில் விடை மட்டும் எழுதினால் மதிப்பெண் கிடையாது. வழியையும் காட்ட வேண்டும். பிறகு அரசு வேலையிலும் அதே பாடம்தான். கோப்பின் குறிப்புப் பக்கத்தில் எண், தேதி, கையொப்பம், முடிவுக்கான காரணம் எல்லாம் இருக்கும். குமாஸ்தா மாற்றலாகிப் போவார், கோப்பு பேசும். பழைய கடிதத்தைப் பார்த்து அப்படியே எழுதி, பின்னால் வந்த திருத்த ஆணையைக் கவனிக்காமல் விட்டதால், ஒரு கடைநிலை ஊழியரின் ஓய்வூதியம் மாதக்கணக்கில் நின்றதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நகல் எடுத்தவருக்கு ஐந்து நிமிடம் மிச்சம். அந்தக் குடும்பத்துக்குக் கடன்.

ஏஐ எழுதிக் கொடுக்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் உங்கள் அலுவலகத்தில் ஏன் ஞாயிறு, ஏன் 2 மணி என்பதை யாரும் எழுதி வைக்காவிட்டால் அதற்கு மட்டும் எப்படித் தெரியும்?

ஆகவே வீட்டில் இந்த வேலை பார்க்கும் பிள்ளை இருந்தால் சொல்லுங்கள். ஒவ்வொரு துண்டுக்கு மேலேயும் இது என்ன செய்யும், ஏன் இப்படி, எந்தத் தேதியில் எந்தப் பதிப்பில் சோதித்தது என்று எழுதட்டும். கடவுச்சொல்லை மட்டும் அதில் எழுத வேண்டாம். எல்லாவற்றுக்கும் ஒரு நகல் சொந்தக் கையில் இருக்கட்டும். இதற்கு இரண்டு நிமிடம் ஆகும். நேரமில்லை என்று சொன்னால் நம்பாதீர்கள்.