கூண்டுப் பறவைக்கு அரிப்பா? எண்ணெய் தடவாதீர்கள்!

கூண்டில் இருக்கும் பறவை ஓயாமல் உடம்பைச் சொறிகிறது. அலகால் இறகைப் பிடுங்கிப் போடுகிறது. இறகு போன இடத்தில் தோல் வறண்டு, சிவந்து தெரிகிறது. இதைப் பார்த்ததும் வீட்டில் உள்ளவர்கள் என்ன செய்கிறார்கள்? தேங்காய் எண்ணெயை எடுத்துத் தடவுகிறார்கள். செய்வது அன்பினால்தான். ஆனால் அது பறவைக்குக் கேடு!

எண்ணெய் பட்டால் இறகுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். பறவைக்கு இறகுதான் சட்டை, இறகுதான் போர்வை. அது கெட்டால் உடல் சூடு காக்கப்படாது. அலகால் கோதும்போது எண்ணெய் வயிற்றுக்குள்ளும் போகும். பறவைக்கு வேண்டிய எண்ணெய் அதனிடமே இருக்கிறது. வாலின் அடியில் உள்ள ஒரு சிறு சுரப்பியில் இருந்து எடுத்து, அதுவே இறகுகளில் பூசிக்கொள்கிறது.

வறண்ட ஊர்

வெள்ளகோவில் மழை குறைந்த ஊர். மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவ மழையைத் தடுத்துவிடுகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று மட்டும் வீசுகிறது. ஆடி மாதம் வந்தால் புழுதி பறக்கும். தறி ஓடும் வீடுகளில் பஞ்சுத் தூசியும் சேர்ந்துகொள்கிறது.

அப்படியானால் குற்றம் ஊரின் மீதா? இல்லை. கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்ற பெயரில் விற்கும் பட்ஜி பறவைகளின் தாய்நாடு ஆஸ்திரேலியா. 1840-ம் ஆண்டில் ஜான் கூல்டு என்பவர் அவற்றை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அவற்றின் சொந்த இடமும் வறண்ட பூமிதான். ஆனால் அங்கே அவை தண்ணீரைத் தேடிப் பறந்துபோகின்றன. ஈரப் புல்லில் புரண்டு குளிக்கின்றன. கூண்டில் இருக்கும் பறவை எங்கே போகும்? குளிக்கத் தண்ணீரை நாம்தான் வைக்க வேண்டும்.

தண்ணீரும் கீரையும்

அகலமான, ஆழம் இல்லாத தட்டில் சுத்தமான தண்ணீர் வையுங்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள், காலை நேரத்தில் வைத்தால் போதும். மாலைக்குள் இறகு உலர்ந்துவிட வேண்டும். சோப்பு கூடாது. கூண்டை அடுப்படியிலும், கொசுவர்த்திப் புகையிலும் வைக்கக் கூடாது.

அடுத்தது உணவு. வெறும் தினையை மட்டும் தின்னும் பறவைக்கு 'ஏ' வைட்டமின் கிடைக்காது. அதனால் தோல் வறண்டுபோகும். இதற்கு மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம். வெள்ளகோவில் வட்டாரம் முருங்கைக்குப் பேர் போனது. முருங்கைக் கீரையில் அந்தச் சத்து நிறைய இருக்கிறது. பூச்சி மருந்து போக நன்றாகக் கழுவி, ஒரு கொத்து கட்டித் தொங்கவிடுங்கள். காரட் துருவலும் கொடுக்கலாம்.

எது நோய்? எது நோய் அல்ல?

பழைய இறகு உதிர்ந்து புது இறகு முளைக்கும் காலத்தில் வெள்ளைச் செதில்கள் உதிரும். அது நோய் அல்ல. சில வாரங்களில் சரியாகிவிடும். காக்கட்டியல் பறவையின் உடம்பில் வெள்ளைப் பொடி இருப்பதும் இயற்கையே.

ஆனால் அலகைச் சுற்றியும் காலிலும் தேன்கூடு போலச் சொரசொரப்பாகப் படிந்தால், அது கண்ணுக்குத் தெரியாத உண்ணியின் வேலை. பக்கத்தில் இருக்கும் பறவைக்கும் அது தொற்றும். உடனே வேறு கூண்டில் பிரித்து வையுங்கள். கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். ரத்தம் வரும்படி பறவை தன்னையே கொத்திக்கொண்டாலும் தாமதிக்கக் கூடாது. சொந்தமாக மருந்து போடுவது ஆபத்து. ஒரு பட்ஜி பறவையின் எடை சுமார் 30 முதல் 40 கிராம்தான். மனிதருக்கோ மாட்டுக்கோ உள்ள மருந்து ஒரு துளி கூடினாலும் அதன் உயிர் போய்விடும்.

தனிமையும் ஒரு காரணம்

உடம்பில் ஒரு குறையும் இல்லாமல் இறகைப் பிடுங்கும் பறவைகளும் உண்டு. கூட்டமாக வாழப் பிறந்தது தனியாகக் கிடந்தால் என்ன செய்யும்? துணை வேண்டும். இறகு விரிக்க இடம் வேண்டும். இரவில் விளக்கை அணைத்துத் தூங்கவிட வேண்டும்.

நம் நாட்டுப் பச்சைக்கிளியைக் கூண்டில் அடைப்பதோ சட்டப்படி குற்றம். 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது. அதற்கு மரமும் வானமும் இங்கேயே இருக்கின்றன. வெளிநாட்டுப் பறவையை வெளியே விட்டால் அது பிழைப்பது அரிது. ஆகவே, அதை வாங்கியவருக்கு ஒரு கடமை உண்டு.

பறவைக்கு வாய் இல்லை. அது சொறிவதும், இறகைப் பிடுங்குவதும்தான் அதன் முறையீடு. பறவை வாங்கித் தரச் சொல்லிக் குழந்தை கேட்டால், பெற்றோர் முதலில் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும்: "தினமும் தண்ணீர் மாற்ற நேரம் இருக்கிறதா?" இல்லை என்றால், வாசலில் ஒரு சட்டியில் தண்ணீர் வையுங்கள். குருவியும் மைனாவும் தாமாகவே வந்து குளித்துவிட்டுப் போகும். குழந்தை பார்த்து மகிழட்டும்!