குறைந்த செலவில் நிறைந்த தரிசனம்: குடந்தையில் நான்கு நாள்

மூர்த்தி, தலம், தீர்த்தம் ஆகிய மூன்றையும் முறையாகக் கண்டு வழிபட்டு வருவதே யாத்திரை என்று நம் முன்னோர் வகுத்தனர். இம்மூன்றில் எதற்கும் விலை கிடையாது. ஆயினும் இன்று யாத்திரை என்றதும் பெரியவர்கள் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது செலவுதான். ஓய்வூதியத்தில் மருந்துக்கும் மளிகைக்கும் போக மிஞ்சுவது கொஞ்சம். "பையனுக்கு வீட்டுக் கடனே கழுத்தளவு இருக்கிறது, அவனிடம் போய் எப்படிக் கேட்பது? அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்" என்று கணவரும் மனைவியும் தமக்குள் பேசி முடித்துவிடுகிறார்கள். அடுத்த ஆண்டு பணம் வரக்கூடும். முழங்கால் ஒத்துழைக்குமா என்பது யாருக்குத் தெரியும்?

யாத்திரைச் செலவில் பெரும்பகுதி எதற்குப் போகிறது என்பதைச் சற்று எண்ணிப் பார்ப்போம். கோயிலில் நாம் செலுத்தும் அர்ச்சனைக் கட்டணம் சொற்பமே. வாடகை வண்டிக்கும், நாளுக்கு ஓர் ஊராக மாறிமாறி எடுக்கும் விடுதி அறைகளுக்குமே கைப்பணம் கரைகிறது. ஒரே நாளில் ஏழெட்டுத் தலங்கள் என்று ஓடும் வண்டியில், நான்காவது கோயிலுக்குப் பிறகு பாட்டி இறங்குவதில்லை. "நீங்கள் போய்விட்டு வாருங்கள், நான் இங்கிருந்தே கும்பிட்டுக்கொள்கிறேன்" என்று சொல்லிவிடுகிறார். இவ்வளவு பணமும் கொடுத்துக் கோபுர தரிசனத்தோடு திரும்ப நேர்கிறது. ஆகவே செலவைக் குறைக்கும் வழியும் தரிசனத்தை நிறைவாக்கும் வழியும் ஒன்றேதான்: ஓர் ஊரைத் தேர்ந்தெடுங்கள். அங்கே ஓர் அறை எடுத்துத் தங்குங்கள். நான்கு நாள் நிதானமாக வழிபடுங்கள்.

இது புதிய யோசனையன்று. இராமேசுவரத்திற்கு நடந்து சென்ற அடியார்கள் தங்கி உண்டு இளைப்பாறிச் செல்வதற்கென்றே தஞ்சை மராட்டிய மன்னர்கள் வழிநெடுகச் சத்திரங்கள் அமைத்தார்கள். இரண்டாம் சரபோஜி மன்னர் ஒரத்தநாட்டில் எழுப்பிய முக்தாம்பாள் சத்திரம் இன்றும் அதற்குச் சாட்சியாக நிற்கிறது. தங்கித் தங்கிச் செல்வதே அக்காலத்து யாத்திரையின் இலக்கணமாக இருந்தது.

அவ்வாறு தங்கி வழிபடுவதற்கு ஏற்ற ஊர்களுள் கும்பகோணத்திற்குத் தனியிடம் உண்டு. ஊருக்குள்ளேயே நடந்து செல்லும் தொலைவில் பெருங்கோயில்கள். சுற்றுவட்டத்தில் நகரப் பேருந்திலேயே சென்றுவரத் தக்க திருத்தலங்கள். மலையேற்றம் என்பது அறவே இல்லாத காவிரிச் சமவெளி.

சென்னையிலிருந்து இரவில் செல்ல விரும்புவோருக்கு உழவன் எக்ஸ்பிரஸும், பகலில் வெளியைப் பார்த்துக்கொண்டே செல்ல விரும்புவோருக்குச் சோழன் எக்ஸ்பிரஸும் உள்ளன. மூத்த குடிமக்களுக்கு இரயில்வே வழங்கிவந்த கட்டணச் சலுகை 2020 மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்டது நாம் அறிந்ததே. எனினும் கீழ்ப்படுக்கைக்கான தனி ஒதுக்கீடு தொடர்கிறது. 60 வயது நிறைந்த ஆண்களும் 45 வயது நிறைந்த பெண்களும் தனியாகவோ, ஒரே சீட்டில் இருவராகவோ பயணம் செய்யும்போது இதைப் பெறலாம். பேரன் பேத்திகளையும் அதே சீட்டில் சேர்த்தால் இந்த ஒதுக்கீடு கிடைக்காமல் போகலாம். பயண நாளுக்கு 60 நாள் முன்பே முன்பதிவு தொடங்கிவிடுவதால், நாள் குறித்தவுடன் சீட்டு எடுத்துவிடுவது நலம்.

நாள் குறிப்பதில்தான் பாதிச் சிக்கனம் அடங்கியிருக்கிறது. முகூர்த்த நாள்களில் குடந்தையில் அறை கிடைப்பதரிது. கிடைத்தாலும் வாடகை கூடுதலாக இருக்கும். மாசி மகத்தன்று ஊர் கொள்ளாத கூட்டம். பங்குனி, சித்திரை மாதங்களின் வெயிலில் பிராகாரக் கற்கள் பாதத்தைப் பொசுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. தை மாதத்திலும் மாசியின் முற்பகுதியிலும், முகூர்த்தமில்லாத வார நாள்களைப் பார்த்துச் செல்வது உடம்புக்கும் பணப்பைக்கும் இதம். அறை எடுக்கும்போது தரைத்தளம்தானா, கழிவறை மேற்கத்திய முறையில் உள்ளதா என்ற இரண்டையும் தொலைபேசியில் முதலிலேயே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். மடங்களும் சமூகச் சத்திரங்களும் குறைந்த வாடகைக்கு இடம் தருவதுண்டு. அங்கும் முன்கூட்டியே பேசிவிட்டுச் செல்வதே முறை.

முதல் நாள் ஊருக்குள்ளேயே இருங்கள். காலையில் ஆதிகும்பேசுவரரையும் மங்களாம்பிகையையும் வழிபட்டு, பொற்றாமரைக் குளத்தைக் கடந்தால் சாரங்கபாணிப் பெருமாள் கோயில். பதினொரு நிலை இராஜகோபுரமும், தேர் வடிவில் அமைந்த கருவறையும் உடைய திவ்விய தேசம் இது. இங்கே உத்தராயண வாசல், தட்சிணாயன வாசல் என இரண்டு உண்டு. ஆண்டின் ஒரு பாதியில் ஒன்றும், மறுபாதியில் மற்றொன்றும் திறந்திருக்கும். ஆடியில் சென்றவர்கள் தையில் மீண்டும் சென்றால் வேறு வழியாகப் பெருமாளைச் சேவிக்கலாம். மாலையில் இராமசுவாமி கோயில். சீதாபிராட்டியுடன் ஒரே பீடத்தில் பட்டாபிஷேகக் கோலத்தில் அமர்ந்திருக்கும் இராமபிரானையும், கையில் வீணையோடு காட்சி தரும் அனுமனையும் கண்குளிரக் காணலாம். பிராகாரச் சுவர்களில் இராமாயணம் முழுவதும் ஓவியமாக விரிகிறது. அவசரமில்லாதவருக்கே அந்த ஓவியங்கள் கதை சொல்லும்.

இரண்டாம் நாள் மேற்கே செல்வோம். சுவாமிமலையில் தந்தைக்கு உபதேசித்த குருநாதனைத் தரிசிக்க 60 படிகள் ஏற வேண்டும். தமிழ் ஆண்டுகள் அறுபதின் பெயர்களும் அந்தப் படிகளுக்கு உரியவை. தாம் பிறந்த ஆண்டின் படி வந்ததும் சற்று நின்று, இதுவரை நடத்தி வந்தவனுக்கு நன்றி சொல்லி, மூச்சு வாங்கிக்கொண்டு மேலே செல்லலாம். படியேற இயலாதவர்கள் கீழே எழுந்தருளியிருக்கும் மீனாட்சி சுந்தரேசுவரரை வழிபட்டுக் காத்திருக்கலாம். மகனைக் காண முடியாதவர்களுக்கு அம்மையும் அப்பனும் கீழேயே காட்சி தருவது பெருங்கருணையல்லவா! மாலையில் தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில். இரண்டாம் இராஜராஜ சோழன் எடுப்பித்த இத்திருக்கோயில் 2004-ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அறுபத்துமூவர் வரலாற்றைச் சிறு சிற்பங்களாக இங்கே செதுக்கி வைத்திருக்கிறார்கள். கைப்பையில் ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் நல்லது.

மூன்றாம் நாள் கிழக்கே. திருநாகேசுவரம் செல்வோர் ஞாயிற்றுக்கிழமை இராகு காலத்தைத் தவிர்த்தால் நெரிசலின்றித் தரிசிக்கலாம். அருகிலேயே ஒப்பிலியப்பன் சந்நிதி. திருப்பதிக்கு நேர்ந்துகொண்ட பிரார்த்தனையை அங்கே செல்ல இயலாதவர்கள் இப்பெருமாளிடம் செலுத்தலாம் என்பது ஐதிகம். நெடுந்தொலைவு செல்ல வசதியோ வலுவோ இல்லாதவர்க்கு நம் பெரியோர் வைத்திருந்த பரிவு இது. இப்பெருமாளுக்கு உப்பில்லாத நிவேதனமே உகந்தது. இரத்த அழுத்தத்தால் உப்பைக் குறைக்கும்படி மருத்துவர் சொன்னதும் முகம் சுளித்தவர்கள், இங்கே பிரசாதத்தை ஒரு வாய் உண்டு பார்த்தால் மனம் தேறுவார்கள்.

மாலையில் திருவிடைமருதூர். வரகுண பாண்டியனைப் பற்றிய பிரமஹத்தி தோஷம் கீழை வாயிலிலேயே நின்றுவிட, மகாலிங்கப் பெருமானை வணங்கிய மன்னன் வேறு வாயில் வழியாக வெளியேறினான் என்பது தலவரலாறு. அதையொட்டி, வந்த வழியே திரும்பாத வழக்கம் இன்றும் உண்டு. காலணியைக் கீழை வாயிலில் விட்டுவிட்டால் பெரிய மதிலைச் சுற்றி வெறுங்காலோடு நடக்க நேரும். இதை முன்னரே யோசித்துக்கொள்ளுங்கள்.

நான்காம் நாள் மகாமகக் குளம். வடகரையில் காசி விசுவநாதர் கோயிலில் நதித்தேவியர் ஒன்பதின்மர் எழுந்தருளியிருக்கிறார்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் மகாமகம் அடுத்து 2028-இல் வருகிறது. அன்று இலட்சக்கணக்கானோர் நடுவே நிற்க உடம்பு இடங்கொடாதவர்கள், கூட்டமற்ற ஒரு காலையில் அதே தீர்த்தத்தைத் தலையில் புரோட்சித்துக்கொள்வதில் குறைவொன்றும் இல்லை. பிறகு ஒரு டிகிரி காபி. பிற்பகல் ஊர் திரும்பலாம்.

இவ்வளவு சுற்றுக்கும் வாடகை வண்டி தேவையில்லை. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. எனவே தம்பதியாகச் செல்வோருக்கு ஒருவர் சீட்டுக்கே செலவு. தாராசுரம், சுவாமிமலை, திருநாகேசுவரம், திருவிடைமருதூர் ஆகிய நான்குக்கும் இரயில் நிலையமும் உண்டு. சாதாரண இரயிலில் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய்தான். நிலையத்திலிருந்து கோயில் வரை மட்டும் ஆட்டோ வைத்துக்கொண்டால் கால் தப்பும். ஒன்பது நவக்கிரகத் தலங்களையும் கண்டே ஆக வேண்டும் என்போருக்கு, கும்பகோணத்திலிருந்து அரசுப் போக்குவரத்துக் கழகம் 2024 முதல் சிறப்புப் பேருந்து இயக்குகிறது. கார் வாடகையோடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு. ஆனால் ஒரே நாளில் ஒன்பது தலம் என்பது நீண்ட ஓட்டம். உடல் வலுவை எண்ணி முடிவு செய்யுங்கள்.

நண்பகலில் நடை சாத்தும் வேளையை உணவுக்கும் உறக்கத்திற்கும் ஒதுக்குங்கள். தமிழகக் கோயில்களில் 2002-இல் தொடங்கிய அன்னதானத் திட்டம் இன்று பல தலங்களில் நடைபெறுகிறது. ஸ்ரீரங்கத்திலும் பழநியிலும் 2012 முதலும், திருச்செந்தூர், சமயபுரம், திருத்தணி ஆகிய தலங்களில் 2021 முதலும் நாள் முழுவதும் அன்னம் வழங்கப்படுகிறது. "இலவசச் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்பதா?" என்று கூசுவோர் உண்டு. பந்தியில் அமர்வது இறைவன் வீட்டு விருந்தில் அமர்வதாகும். உண்டபின் இயன்றதை அன்னதான உண்டியலில் இட்டால், நாளை வரும் ஒருவருக்கு நாமே இலை போட்டவராவோம்.

கையில் அதுவும் இல்லாதவர்களுக்கு மற்றொரு வழி. 60 முதல் 70 வயதுக்குட்பட்ட, ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்கு மிகாத பக்தர்களை இந்து சமய அறநிலையத்துறை இராமேசுவரம்–காசி யாத்திரைக்கும், அறுபடை வீடுகளுக்கும் கட்டணமின்றி அழைத்துச் செல்கிறது. ஆடியில் அம்மன் கோயில்களுக்கும் புரட்டாசியில் வைணவத் தலங்களுக்கும் இத்தகைய பயணங்கள் உண்டு. அறிவிப்பு வரும் காலத்தில் இணை ஆணையர் அலுவலகத்தை அணுகி விண்ணப்பிக்கலாம். வருமானச் சான்று, மருத்துவச் சான்று, ஆதார் ஆகியவற்றை ஆயத்தமாக வைத்திருங்கள். 70 வயது கடந்தால் இவ்வாய்ப்பு கைநழுவும் என்பதையும் மறவாதீர்கள். இதற்கென இடைத்தரகர் எவருக்கும் ஒரு ரூபாயும் தர வேண்டியதில்லை.

பயணப் பையில் நான்கு நாளுக்கு மேலாகவே மருந்து இருக்கட்டும். பிள்ளைகளின் தொலைபேசி எண்ணை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். பணத்தை இரண்டிடத்தில் பிரித்து வையுங்கள்.

பிள்ளைகளுக்கும் ஒரு சொல். பெற்றோரின் மணிவிழாவுக்கு மண்டபம் தேடும் அன்பு போற்றத் தக்கது. அவர்களுக்கு ஓர் இரயில் சீட்டும், தரைத்தளத்தில் ஓர் அறையும், நான்கு நாள் ஓய்வும் ஏற்பாடு செய்து தருவதும் அதற்குக் குறைந்த சேவையன்று. பெரியவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்லி அமைகிறோம். நாள்காட்டியில் முகூர்த்தமில்லாத நான்கு நாளை இன்றே குறித்துவிடுங்கள். கால் நடக்கும்போதே கண்ட தரிசனம், நடக்க இயலாத நாளிலும் மனத்துக்குள் உடன் இருக்கும்.