விடுதித் தோழரின் கடமை

ஒரே விடுதியில் உண்டு, உறங்கி, ஒருங்கே பயின்ற மாணாக்கர், பள்ளி நீங்கிச் சில ஆண்டுகள் கழிந்தபின் மீண்டும் கூடிக் களித்தல் இந்நாளில் எங்கும் பெருகிவரும் வழக்கமாகும். கைப்பேசியில் ஒரு குழு தொடங்கினால், பல்லாண்டு காணாத தோழரும் ஒரு மாலைப் பொழுதிற்குள் அகப்படுவர். இவ்வழக்கம் நன்றே. ஆயினும், இருபதுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட வயதினரான வாலிபரிடையே இக்கூட்டங்கள் நடைபெறும் முறையைக் குறித்துச் சில சொல்லுதல் அவசியமென்று யாம் கருதுகிறோம். நம் கலாசாலையில் பயில்வோருள் பலர் விடுதிகளில் வளர்ந்தவர். நாளை இக்கூட்டங்களைக் கூட்டப்போகிறவரும் அவர்களே. ஆதலின் இவ்விதழே இதனைச் சொல்லுதற்குத் தக்க இடம்.

யாம் நன்கறிந்த இரண்டு ஊர்களை எடுத்துக்கொள்வோம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இராஜபாளையத்திற்கும் இடையே உள்ள தூரம் சுமார் 12 கிலோமீட்டரே. முன்னது ஆண்டாள் கோயிலாலும், 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவாலும் பெயர்பெற்றது. பின்னது, 1936-இல் பி. ஏ. சி. இராமசாமி ராஜா நூற்பாலை நிறுவிய காலந்தொட்டு மில் நகரமாக வளர்ந்தது. இப்பக்கத்து விடுதிப்பள்ளி ஒன்றில் பத்தாம் வகுப்புவரை ஒரே வரிசையில் அமர்ந்தவர் இன்று எங்கெங்கு உள்ளனர்? ஒருவர் நூற்பாலையில் இரவு ஷிப்டு பார்க்கிறார். ஒருவர் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறியில் நிற்கிறார். ஒருவர் தளவாய்புரத்தில் தையல் இயந்திரத்தின்முன் அமர்ந்திருக்கிறார். ஒருவர் 1875-இல் தோன்றிய பெனிங்டன் நூலகத்தில் அரசுப்பணித் தேர்வுக்கென நான்காம் ஆண்டாகப் படித்துக்கொண்டிருக்கிறார். வேறு சிலர் சென்னையிலும் பெங்களூரிலும் கணினி உத்தியோகத்திலும், ஓரிருவர் வளைகுடா நாடுகளிலும் உள்ளனர்.

ஆடிப்பூரத் தேரோட்டத்தை ஒட்டி ஸ்ரீவில்லிபுத்தூரில் கூடிய அத்தகைய கூட்டமொன்றிற்கு யாமும் சென்றிருந்தோம். அவ்வகுப்பினர் இருபத்துமூவர், வந்தவர் ஒன்பதின்மர். சென்னையிலிருந்து பொதிகை வண்டியேறி 500 கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம் செய்தோர் நால்வர் வந்திருந்தனர். இராஜபாளையத்திலுள்ள ஐவருள் ஒருவரேனும் வந்திலர். “வேலை மிகுதி” என்று அனைவரும் ஒரே விதமாய் எழுதிவிட்டனர். பின்னொரு நாள் அவருள் ஒருவரைத் தேநீர்க்கடையில் கண்டு காரணம் வினவினோம். சிறிது நேரம் வாளாவிருந்து, “வந்தால் என்னவென்று சொல்லுவது அண்ணே?” என்றார்.

அவ்வொரு சொல்லில் காரியம் முழுதும் அடங்கியுள்ளது. கூட்டத்தில் முதற்கேள்வி சம்பளம். இரண்டாவது கேள்வி கலியாணம். மூன்றாவது, வீடு கட்டியாயிற்றா என்பது. செலவிற்காகத் தலைக்கு 1,500 ரூபாய் பங்கு. நாட்கூலி பெறுபவர்க்கு அப்பங்கோடு அன்றைய கூலியும் நஷ்டம். இவையெல்லாம் ஒருவரையும் இழிவுபடுத்தும் நோக்கத்தால் செய்யப்படுவன அல்ல. எனினும், தாம் இன்னும் ஒரு நிலையை எய்தவில்லை என்று எண்ணுகிறவர், இவற்றைக் கேட்டு வாயிலிலேயே நின்றுவிடுகிறார்.

விடுதி நமக்கு அளித்தது யாது? திருநெல்வேலிச் சீமையில் மிஷன் சங்கத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே உணவும் உறைவிடமும் கூடிய பள்ளிகளை நடத்தினர். ஜனங்கள் அவற்றைப் ‘போர்டிங்’ என்றே வழங்கினர். ஒரே மணியோசைக்கு எழுதலும், ஒரே பந்தியில் உண்ணலும் அங்கு நாளும் பயின்ற பாடங்கள். இப்பந்தி அற்ப விஷயமன்று. 1922-இல் வ. வே. சு. ஐயர் சேரன்மாதேவியில் தொடங்கிய தமிழ்க் குருகுலத்தில் பிராமணச் சிறுவர் இருவருக்குத் தனியே உணவளிக்கப்பட்ட செய்தி வெளிப்பட்டபோது, வரதராஜுலு நாயுடுவும் ஈ. வெ. ராமசாமியும் அதனை எதிர்த்தெழுந்தனர். 1924, 1925-ஆம் ஆண்டுகளில் தமிழ்நாட்டுக் காங்கிரஸையே அவ்விவாதம் கலக்கிற்று. பிள்ளைகள் எவ்வரிசையில் அமர்ந்து உண்கின்றனர் என்பதை நம் பெரியோர் அத்துணைப் பெரிதாக மதித்தனர்.

நம் விடுதிகளில் வேற்றுமையே இருந்ததில்லை என்று யாம் கூறவில்லை. கட்டணம் செலுத்துவோர் இவர், தரும உதவி பெறுவோர் இவர் என்பதை எல்லாப் பிள்ளைகளும் அறிந்தேயிருந்தனர். எனினும் மணியடித்த பின் தட்டேந்தி நின்ற வரிசை ஒன்றே.

“அஃது வார்டனுடைய கட்டளையால் வந்த சமத்துவம், கட்டளை நீங்கியபின் அவரவர் தத்தம் வழியே செல்லுதல் இயல்பன்றோ?” என்று சிலர் வினவலாம். இயல்பே; ஆனால் அதனைத் தடுக்க முயலாதிருத்தல் நன்றன்று. இருபதுகளில்தான் வழிகள் புதிதாய்ப் பிரிகின்றன. வேலையொன்று காலியாயிருக்கிறதென்னும் செய்தியும், தேர்வில் தவறியவர்க்கு ஓர் ஆறுதல் மொழியும் பெரும்பயன் விளைப்பது அவ்வயதிலேயே. கலியாண அழைப்பிதழ்கள் புறப்படுவதும், சாதியாரும் உறவினரும் முன்வரிசைக்கு வருவதும் அப்போதே. அக்காலத்தில் விடுபட்ட தோழரை நாற்பதாம் வயதில் தேடினால், முகமன் கூறலாமேயன்றிப் பழைய உரிமையோடு பேசுதல் அரிது.

ஆகவே கூட்டங்களை நடத்துவோர்க்குச் சில யோசனைகள் கூறுவோம். நாளைக் குறிக்கும்போது, விடுமுறை எளிதில் பெறுபவரைக் கேளாமல், ஷிப்டுக்குச் செல்பவரை முதலிற் கேட்க. இடத்தைச் சொகுசு ஓட்டல்களில் தேடற்க. ஒரு தோழரின் வீட்டு முற்றமும், மலையடிவாரத்து மாந்தோப்பும் போதும். 1949 முதல் 1952 வரை சென்னை அரசின் தலைமைப் பொறுப்பேற்றிருந்த பூ. ச. குமாரசுவாமி ராஜா, இராஜபாளையத்தில் தம் இல்லத்தையே காந்தி கலை மன்றத்திற்கு வழங்கினார். வீட்டைப் பிறர்க்குத் திறந்துவிடுதல் அவ்வூருக்குப் புதிதன்று. செலவிற்குத் தலைவரி விதியாமல், மூடிய பெட்டியொன்றில் அவரவர் இயன்றதை இடுக. யார் எவ்வளவு இட்டார் என்பதை ஒருவரும் அறியற்க. சம்பளத்தை அவராகச் சொன்னாலன்றி வினவற்க.

இவை அனைத்திலும் முக்கியமானது ஒன்றுண்டு. வராதவரைத் தேடி இருவராகச் செல்க. பரிசும் புத்திமதியும் கொண்டு செல்லற்க. ஷிப்டு விடும் நேரத்தில் மில் வாயிலில் நின்று, அவரோடு ஒரு கோப்பைத் தேநீர் அருந்தி, பழைய பட்டப்பெயரால் அழைத்து, அரைமணி நேரம் பேசி வருக. அடுத்த கூட்டத்திற்கு வருமாறு வற்புறுத்தவும் வேண்டா. அடுத்த மாதம் மீண்டும் சென்றாற் போதும்.

விடுதி மாணவரே! இன்று உம் பக்கத்தில் தட்டேந்தி நிற்பவர் இன்னும் ஆறாண்டில் என்ன உத்தியோகம் பார்ப்பார் என்பதை நீர் அறியீர். உமது நிலையையும் அவர் அறியார். அவருடைய ஊரையும், வீட்டிற்குச் செல்லும் வழியையும் இப்போதே கேட்டுக் குறித்துவைத்துக் கொள்ளும்.