பொருந்தாமை யாருடைய பிழை?

‘தகவு’ என்னும் சொல் தகுதி, பொருத்தம் ஆகிய பொருள்களைத் தரும். உயிர்கள் சூழலுக்கேற்பத் தம்மைப் பொருத்திக்கொள்வதை அறிவியல் தமிழ் ‘தகவமைப்பு’ என்கிறது. அதுவே நன்மைக்கு மாறாகத் தீங்கை விளைவிக்குமாயின், அதனைப் ‘பொருந்தாத் தகவமைப்பு’ எனலாம். இதனைத் தோல்வி என்றோ திறமையின்மை என்றோ பொருள்கொள்வது பிழையாகும்.

பங்குனி ஆமைகள் தமிழகக் கடற்கரை மணலில் முட்டையிடுகின்றன. இரவில் பொரித்து வெளிவரும் குஞ்சுகள் ஒளிமிகுந்த திசையை நோக்கி ஊர்ந்து செல்லும். இருண்ட கரையில் கடலின் அடிவானமே ஒளிமிகுந்தது என்பதால், அவ்வியல்பு நெடுங்காலமாக அவற்றைக் காத்துவந்தது. இன்றோ தெருவிளக்குகளின் ஒளி அவற்றை நிலத்தை நோக்கி ஈர்த்துச் சாவுக்குள் தள்ளுகிறது. குஞ்சுகளின் இயல்பு மாறவில்லை, கரைதான் மாறியது. ஆகவே, இச்சொல் உயிரின் குறையை உரைப்பதன்று. உயிருக்கும் சூழலுக்கும் இடையே நேர்ந்த முறிவை உரைப்பதாகும்.

மனிதரின் முயற்சிகளுக்கும் இது பொருந்தும். அலையைத் தடுக்க எழுப்பிய சுவர் இடிந்து வீழ்ந்தால் அது தோல்வி. அச்சுவர் உறுதியாக நின்று, மணலின் ஓட்டத்தை மாற்றி, அடுத்த ஊரின் கரையை அரிக்கச் செய்தால் அது பொருந்தாத் தகவமைப்பு. இத்தகைய சான்றுகள் பல துறைகளிலும் பெருகி வருவதாகக் காலநிலை மாற்றத்திற்கான அரசுகளுக்கிடையேயான குழு 2022ஆம் ஆண்டு அறிக்கையில் எச்சரித்தது.

வறட்சியில் ஆழ்துளைக் கிணற்றை மேலும் ஆழமாக்கும் உழவரையும் இச்சொல்லால் பழிப்பதுண்டு. அனைவரும் அவ்வாறு செய்தால் நிலத்தடி நீர் வற்றும் என்பது உண்மையே. ஆனால், ஏரியும் வரத்துக்கால்வாயும் தூர்ந்த ஊரில் அவருக்கு வேறு வழி யாது? வழிகளை அடைத்துவிட்டு, எஞ்சிய ஒன்றைத் தேர்ந்தவரைக் குற்றஞ்சாட்டுவது அறமாகாது.

எனவே, இச்சொல்லைக் கையாளும் முன் இரண்டு வினாக்களை எழுப்ப வேண்டும். எதற்குப் பொருந்த முயன்றதால் இத்தீங்கு நேர்ந்தது? அச்சூழலை அவ்வாறு ஆக்கியவர் யார்? இவற்றுக்கு விடை கண்டால் தீர்வும் புலப்படும். ஆமைக்குஞ்சுக்கு எவரும் புதிய இயல்பைக் கற்பிக்க இயலாது. பொரிக்கும் பருவத்தில் கரையோர விளக்குகளை அணைக்க இயலும். ஏரியைத் தூர்வாருவதும் இயலும். திருத்தம் தொடங்க வேண்டிய இடத்தைக் காட்டும்போதே அச்சொல் தன் பணியைச் செய்கிறது.