வேலியைப் பலப்படுத்துங்கள், மலையை உடைக்காதீர்கள்

ஐப்பசி அடைமழையில் போடிமெட்டுச் சாலையில் பாறை உருண்டால், 17 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டிகள் நின்றுவிடும். ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் போகும் பெண்களுக்கு அன்றைய கூலி போச்சு. உடனே ஒரு பேச்சு கிளம்பும்: “பாறையைத் தடுக்கும் வலை, வேலியெல்லாம் கண்துடைப்பு. மேலே நிற்கிற பாறையை வெடி வைத்துத் தகர்த்து, மரத்தை வெட்டி, சாலையை அகலமாக்கினால் தீர்ந்தது.” படித்தவர்களும் இதையே சொல்கிறார்கள். தவறான நம்பிக்கை இது. உயிருக்கு உலை வைப்பதும்கூட.

நம் மலைப்பாறையில் இயல்பாகவே வெடிப்புகள் உண்டு. மழைநீர் அவற்றில் இறங்கி மண்ணைக் கரைக்கிறது, பிடிமானம் தளர்கிறது. வெடி வைத்தால் குறிவைத்த பாறை மட்டுமா அசையும்? அக்கம்பக்கத்து வெடிப்புகளும் வாய் பிளக்கும். சரிவின் அடியை வெட்டினால் மேலிருப்பதற்குத் தாங்கல் இல்லை. இதே கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலையில், தேவிகுளம் கேப் ரோட்டில், அகலப்படுத்தும் பணிக்காகப் பாறை உடைத்த இடத்தில்தான் 2019இலும் 2020இலும் மலை பெரிதாகச் சரிந்தது. பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகத்துக்காக அம்பரப்பர் மலையில் வெடி வைப்பதை எதிர்த்த மாவட்டம் நம்முடையது. போடி மலைக்கு மட்டும் வேறு நியாயமா?

வேலி வேலை செய்யும் விதம் தெரியாததால்தான் அதன்மேல் இத்தனை இளக்காரம். ஒரு டன் பாறை 20 மீட்டர் கீழே விழுந்தால் ஏறக்குறைய 200 கிலோஜூல் ஆற்றலோடு மோதும். விறைப்பான சுவர் அதை ஒரே இடத்தில் வாங்கி உடைகிறது. வடக்கயிற்று வலையோ வளைந்து, நீண்டு, வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடுகிறது. ஆயிரக்கணக்கான கிலோஜூல் தாங்கும் வேலிகள் இன்று உலகெங்கும் உள்ளன. பாறைச் சரிவால் நேர்ந்த 2003, 2004 விபத்துகளுக்குப் பிறகு கொங்கண் ரயில்வேயும் சரிவுகளில் வலை விரித்தது.

வேலி தோற்பதும் உண்டு. பல இடங்களில் காரணம் பராமரிப்பின்மை. பின்னால் கல்லும் மண்ணும் சேர்ந்து வலை ஏற்கெனவே நிரம்பியிருக்கும், கம்பி துருப்பிடித்திருக்கும். அதற்காகப் பிடுங்கி எறிந்து, புதிய வேலிக்கென்று காட்டுக்குள் பொக்லைன் போக வழி வெட்ட வேண்டாம். குப்பையை அள்ளி, நங்கூரக் கம்பிகளை இழுத்துச் சோதித்து, தளர்ந்த இடத்தில் கூடுதல் நங்கூரம் இறக்கலாம். ஒருமுறை அடி வாங்கி நீண்டுபோன அதிர்ச்சி தாங்கிகளை மாற்றலாம். சிறுகல் தப்பாமலிருக்க நெருக்கமான இரண்டாவது வலை கட்டலாம். கயிற்றில் தொங்கி, கையில் தூக்கும் துளைக்கருவியால் செய்யக்கூடிய வேலைகள் இவை. ஒரு சரிவே மொத்தமாக நழுவினால் எந்த வலையும் நிற்காது, உண்மை. அங்கே முதல் வேலை தண்ணீரை வடியச் செய்வது.

மரத்தின் மீதான பழியும் பெரும்பாலும் வீண்பழி. வெடிப்புக்குள் வேர் நெம்பும் மரம் ஒன்றிரண்டு இருக்கலாம். அதைப் பார்த்து அகற்றலாம். மற்றவை மண்ணைப் பிடிக்கின்றன, உருளும் கல்லை மறிக்கின்றன. சுவிட்சர்லாந்து தன் காட்டில் ஏறக்குறைய பாதியை இத்தகைய ஆபத்துகளிலிருந்து காக்கும் காடாகவே பேணுகிறது.

நெடுஞ்சாலைத் துறையிடம் நாம் கேட்க வேண்டியது இதுதான்: ஒவ்வோர் ஆண்டும் புரட்டாசி முடிவதற்குள் மலைச்சாலைத் தடுப்புகளைச் சோதித்து, பழுது நீக்கி, அறிக்கையை மக்கள் பார்க்க வெளியிடுங்கள். அதற்கெனத் தனி நிதி ஒதுக்குங்கள். அதைச் செய்யாமல் வெடி வைக்க அனுமதி கேட்காதீர்கள்.