சோலார் பேனலை வீட்டில் செய்தால் மிச்சமா?

பழைய சி.டி. நாலு, கொஞ்சம் செம்புக் கம்பி, ஒரு பசைக்குழாய். வெயிலில் வைத்ததும் பல்பு எரிகிறது. யூடியூபில் இப்படி ஒரு வீடியோவைப் பார்த்தவர்கள் சொல்வது ஒன்றுதான்: "கம்பெனிக்காரன் கொள்ளையடிக்கிறான், கால்வாசிக் காசில் பேனலை நாமே செய்துவிடலாம்."

முதலில் சி.டி. அதன் பளபளப்பு வெறும் அலுமினியப் பூச்சு. ஒளியைத் திருப்பி அனுப்பும், அவ்வளவே. ஒளி மின்சாரமாக வேண்டுமானால் அரைக்கடத்தி வேண்டும். சிலிக்கானின் ஒரு பக்கம் போரானும் மறுபக்கம் பாஸ்பரசும் துளியூண்டு கலந்தால், இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு மின்புலம் நிலைத்துவிடுகிறது. ஒளி பட்டு விடுபடும் எலக்ட்ரானை அந்தப் புலம் ஒரே திசையில் தள்ளுகிறது. சி.டி.யில் அந்தச் சந்தியே கிடையாது. சிலர் கண்ணாடி உறை போட்ட டயோடுகளை அதில் ஒட்டுகிறார்கள். டயோடில் சந்தி உண்டு, கொஞ்சம் மின்னழுத்தமும் வரும். ஆனால் ஒளி படும் பரப்பு கடுகளவுகூட இல்லை. அதை வைத்து ஃபேன் ஓடினால் மேசைக்கு அடியில் பேட்டரியைத் தேடுங்கள்.

செம்புத் தகட்டை அடுப்பில் சுட்டு உப்புநீரில் நிறுத்துவது ஏமாற்று இல்லை. தகட்டில் படியும் குப்ரஸ் ஆக்சைடு உண்மையான அரைக்கடத்தி. ஆனால் கிடைப்பது கால் வோல்ட், 50 மைக்ரோ ஆம்பியர் அளவில். 5 வாட் போன் சார்ஜருக்கு இப்படி 4 லட்சம் தகடுகள் வேண்டும். பள்ளிக் கண்காட்சிக்கு அருமையான சோதனை.

"சிலிக்கான் செல்லை வாங்கி நாமே கோத்தால்?" இந்தக் கேள்வியைத்தான் மதிக்க வேண்டும். ஒரு செல் அரை வோல்ட் தரும். 36 செல்களை வரிசையாக ஈயப்பற்று வைத்தால் 18 வோல்ட், 12 வோல்ட் பேட்டரிக்குப் போதும். கைப்பழக்கம் உள்ளவர் செய்துவிடுவார், முதல் நாள் நன்றாகவே ஓடும். வினை பிறகுதான். செல்லின் தடிமன் 0.2 மில்லிமீட்டருக்கும் கீழே, அப்பளத்தைவிட மோசமாக நொறுங்கும். ஆலையில் அதைக் கண்ணாடிக்குப் பின்னால் பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவே வைத்து, காற்றை உறிஞ்சி எடுத்து, சுமார் 150 டிகிரியில் உருக்கி ஒட்டுகிறார்கள். வீட்டில் ஊற்றும் பிசின் மஞ்சளாகும், குமிழி தங்கும், இரண்டு மழைக்காலத்தில் ஈரம் புகுந்து இணைப்புகளை அரிக்கும். இன்னொன்று: ஒரே ஒரு செல்மேல் நிழல் விழுந்தாலும் மற்ற செல்களின் மின்சாரம் அதைச் சுட வைக்கும். அதைத் தடுக்கும் பைபாஸ் டயோடு இல்லாத மரச்சட்டப் பேனலை மொட்டைமாடியில் விட்டுவிட்டு ஊருக்குப் போக நான் துணியமாட்டேன்.

மிச்சம் என்ற வாதம் ஒரு காலத்தில் நியாயம்தான். பதினைந்து இருபது ஆண்டுகளுக்கு முன் முழு அமைப்பிலும் விலை கூடியது பேனல்தான். 2010-க்குப் பிந்தைய பத்தாண்டில் உலகச் சந்தையில் அதன் விலை பத்தில் ஒரு பங்காகச் சரிந்தது. இப்போது காசு போவது இன்வெர்ட்டர், பேட்டரி, இரும்புச் சட்டம், கூலி ஆகியவற்றில். அதோடு, 2024-இல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. பதிவுபெற்ற நிறுவனம், இந்தியாவில் தயாரான செல் போட்ட பேனலை மாட்டினால்தான் அது கிடைக்கும். கைவேலைப் பேனலுக்கு ஒரு ரூபாய்கூட வராது.

கை சும்மா இருக்காது என்பவர்களுக்கும் வேலை இருக்கிறது. ஒரு சின்னப் பேனலை வாங்கி, சார்ஜ் கன்ட்ரோலர், ஃபியூஸ், பேட்டரி கோத்து இரண்டு விளக்கு எரிய வையுங்கள். சட்டத்தை நீங்களே வெல்டிங் செய்யலாம்: தெற்குப் பார்த்து 10 முதல் 15 டிகிரி சாய்வு, அடியில் காற்றுப் போக இடைவெளி. பேனலின் வாட் கணக்கு 25 டிகிரி வெப்பத்துக்கு. நம் வெயிலில் அது 60 டிகிரியைத் தொட்டால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் உற்பத்தி போய்விடும். தண்ணீர்த் தொட்டியின் நிழலைச் சித்திரையில் பார்த்து இடம் குறிக்காதீர்கள். மார்கழியில் சூரியன் தெற்கே தாழ்ந்து போகும், நிழல் நீளும். அப்போது பார்த்துவிட்டுச் சட்டத்தை ஊன்றுங்கள்.