மூட்டை சுமந்து இத்தாலி

இத்தாலிக்குப் போகிறவர்களில் இரண்டு கட்சி உண்டு. பெட்டிகளுடன் போகிறவர்கள் ஒரு கட்சி. முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு போகிறவர்கள் மற்றொரு கட்சி. முதற் கட்சியாருக்கு ஹோட்டல் வாசலுக்கே மோட்டார் வந்து நிற்கும். பார்க்க வேண்டியவை இன்னின்னவை என்று ஒருவர் சிறு கொடியை உயர்த்திப் பிடித்தபடி முன்னே நடப்பார். இரண்டாம் கட்சியாருக்குப் பாஸஞ்சர் ரயிலும் சொந்தக் கால்களுமே கதி. பத்துக் கிலோ பாரம் தோளை அழுத்தும்போது எதையும் ஓடி ஓடிப் பார்க்க இயலாது. ஆகவே அவர்கள் பார்ப்பது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தை நின்று பார்க்கிறார்கள். நாம் இந்த இரண்டாம் கட்சியைச் சேர்ந்தவர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நேயர்கள் அதற்குத் தக்கபடி நமது அபிப்பிராயங்களில் ஏதேனும் தள்ளுபடி செய்துகொள்ளலாம்.

ரோமாபுரியில் இறங்கியவர்கள் ரோமாபுரியிலேயே தொடங்குவது வழக்கம். நாம் தெற்கே சென்று, நேபிள்ஸையும் தாண்டி, பேஸ்டம் என்னும் சிற்றூரில் இறங்கினோம். ஸ்டேஷனிலிருந்து ஒரு நேர்ச் சாலை பழைய கோட்டை வாசலினூடே செல்கிறது. சுற்றிலும் எருமைப் பண்ணைகள். அந்த எருமைப்பாலில் செய்யும் வெண்ணிறப் பாலடைக்கட்டி இப்பிரதேசத்துக்கே பெருமை தருவது. கால்மணி நேரம் நடந்தால், சமவெளியின் நடுவே மூன்று கிரேக்கக் கோயில்கள் எழுந்து நிற்கின்றன.

கிரேக்கர்கள் கடல் கடந்து வந்து, ஏறத்தாழ கி.மு. 600இல் இங்கே குடியேறினார்கள். மூன்று கோயில்களில் மூத்தது கி.மு. 550ஐ ஒட்டியது. அதன் முகப்பில் 9 தூண்கள். ஒற்றைப்படையாகையால், நடு மையத்தில் வாசலுக்குப் பதில் ஒரு தூண் நிற்கிறது! தெய்வத்தை நேருக்கு நேர் பார்க்க முடியாதபடி கட்டினார்களே என்று நாம் வியக்கிறோம். ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்குப் பின் பக்கத்திலேயே எழுந்த பெரிய கோயிலில் முகப்புத் தூண்கள் 6. நடுவில் வழி திறந்துவிட்டது. ஒரு நூற்றாண்டுக் காலச் சிந்தனையை இரண்டு கட்டடங்களுக்கு நடுவே பத்தடி நடந்து படித்துவிடலாம்.

இவை எப்படித் தப்பின? யாரும் காப்பாற்றவில்லை என்பதுதான் விந்தை. நிலம் சதுப்பாகி, மலேரியா பரவி, ஜனங்கள் மலைமேல் ஏறிவிட்டார்கள். கல் திருட வருகிறவர்களும் குறைவு. வெளியுலகம் இந்தக் கோயில்களை மறுபடி கண்டுகொண்டது 18ஆம் நூற்றாண்டின் நடுவில்தான். கொசுக்களுக்குக் கலையுலகம் எங்கேனும் கடமைப்பட்டிருக்கிறதென்றால் அது இங்கேதான்.

பேஸ்டத்தைக் காத்தது கொசு; பாம்பேயைக் காத்தது சாம்பல். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை கக்கிய சாம்பலும் நுரைக்கல்லும் அந்த நகரத்தை மூடிய கதையை நேயர்கள் அறிவார்கள். நேபிள்ஸிலிருந்து எரிமலையைச் சுற்றி ஊர்ந்து செல்லும் சிறு ரயில் வண்டியில் நின்றுகொண்டே போய் இறங்கினோம். நகரத்தின் பரப்பு சுமார் 66 ஹெக்டேர். 1748 முதல் தோண்டிவந்தும் இன்னும் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்கடியிலேயே இருக்கிறது. கல் பாவிய தெருக்களில் வண்டிச் சக்கரங்கள் தேய்த்த தடம் ஆழமாக விழுந்திருக்கிறது. தெரு நீரில் கால் நனையாமல் கடக்க உயர்ந்த கற்களைக் குறுக்கே வைத்திருக்கிறார்கள். வண்டிச் சக்கரம் போகக் கற்களுக்கிடையே இடமும் விட்டிருக்கிறார்கள். ரொட்டிக் கடைகளில் எரிமலைக் கல்லால் செய்த மாவு யந்திரங்கள், அரைத்து ஓய்ந்தாற்போல் நிற்கின்றன.

ஆனால் பாம்பேயில் நமது மனத்தில் தைத்தது வேறு விஷயம். சாம்பலுக்கடியில் பதினேழு நூற்றாண்டு பத்திரமாயிருந்த ஊர், வெளிச்சத்துக்கு வந்த நாள் முதல் சாகத் தொடங்கியது. மழை, செடி கொடி, வெயில், நம்மைப்போன்றவர்களின் காலடி, எல்லாம் அதைத் தின்கின்றன. 1943இல் நேச நாட்டு விமானங்களின் குண்டுகளும் விழுந்தன. வீரர்களின் ஆயுதங்களைச் சுவரில் தீட்டிய ஒரு கூடம் அப்போது நொறுங்கியது. பின்னர் அதைத் தூக்கி நிறுத்தி, கனத்த சிமெண்டுக் கூரை போட்டார்கள். 2010 நவம்பரில், விடாத மழைக்குப் பின், ஒரு காலை அது அப்படியே சரிந்து விழுந்தது. தேசத்துக்கே அவமானம் என்று இத்தாலியர் கொதித்தார்கள். அந்தக் கோபம் வீண்போகவில்லை. 10½ கோடி யூரோச் செலவில், ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன், ஒரு பெருந் திருப்பணி நடந்தது. 2024 நவம்பர் முதல் நாளொன்றுக்கு 20,000 பேருக்குமேல் உள்ளே விடுவதில்லை என்றும் விதி செய்தார்கள். இருபதினாயிரம் ஜோடிக் கால்கள்! அதுவே அதிகமென்று நமக்குத் தோன்றுகிறது. அந்த எண்ணிக்கையில் நமது கால்களும் சேர்த்தி என்பதால் உரக்கச் சொல்லவில்லை.

அந்த ஊரிலிருந்து எடுத்த பொருள்களைக் காண நேபிள்ஸ் பொருட்காட்சிசாலைக்குத் திரும்ப வேண்டும். அங்கே, ஒரு சாணுக்குச் சற்றே உயர்ந்த தந்தப் பதுமை ஒன்று இருக்கிறது. பாம்பேயின் ஒரு வீட்டில் 1938இல் அகப்பட்டது. காலிலும் கையிலும் அடுக்கடுக்காக அணிகலன். இருபுறமும் தோழிப் பெண்கள். "லக்ஷ்மி" என்று அதற்குப் பெயரிட்டார்கள். லக்ஷ்மியல்ல, யக்ஷி என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. யாராயினும், இந்தியத் தச்சன் ஒருவன் கை செதுக்கியவள், கி.பி. 79க்கு முன்பே கடல் தாண்டி வந்தவள். அன்னிய தேசத்தில் உறவினரைக் கண்டவர்களைப்போல் நெடுநேரம் நின்றுவிட்டோம்.

இனி ரோமாபுரி. இங்கே பழையதைக் காத்தது கொசுவுமல்ல, சாம்பலுமல்ல, உபயோகம். கொலோசியம் 1349ஆம் ஆண்டுப் பூகம்பத்தில் ஒரு புறம் சரிந்தது. உபயோகமற்றுக் கிடந்தபடியால் கல் வேண்டியவர்களெல்லாம் அள்ளிப்போனார்கள். பாந்தியன் கோயிலோ 609இல் கிறிஸ்தவ ஆலயமாகிவிட்டது. ஆகவே, ஹேட்ரியன் சக்கரவர்த்தி காலத்தில் கட்டிய 43 மீட்டர் அகலக் கவிகை, உள்ளே இரும்புக் கம்பி ஒன்றுகூட இல்லாமல் இன்றும் நிற்கிறது. நூற்றாண்டுக் கணக்கில் யாரும் தாராளமாக நுழைந்த அந்த வாசலில் 2023 ஜூலையில் 5 யூரோ டிக்கெட் வைத்தார்கள். பராமரிக்கப் பணம் வேண்டும் என்கிறார்கள்; நியாயந்தான். என்றாலும் வாசற்படியில் பையைத் திறந்து சில்லறை தேடியபோது நமக்கு மனம் ஒப்பவில்லை.

ஏழை யாத்ரீகனுக்கு ரோமாபுரி வேறொரு வகையில் ஈடு செய்கிறது. உலகத்துப் பெரிய சித்திரசாலைகள் பெருமையுடன் மாட்டக்கூடிய காரவாஜியோவின் படங்கள், காசில்லாமல் நுழையக்கூடிய கோயில்களில், அவர் எந்தச் சுவருக்காக எழுதினாரோ அதே சுவரில் இருக்கின்றன. பிரெஞ்சுக்காரர்களின் புனித லூயி ஆலயத்தில் ஓர் இருட்டு மூலை. உண்டியல்போன்ற பெட்டியில் ஒரு நாணயம் போட்டால் விளக்கு எரியும். வரி வசூலிக்கும் மத்தேயுவை இயேசு கை நீட்டி அழைக்கிறார். அந்தக் கையைத் தொடர்ந்து வெளிச்சமும் பாய்கிறது. சற்று நேரத்தில் விளக்கு அணைந்துவிடும். அடுத்த நாணயத்தை யார் போடுவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம்.

அங்கிருந்து சில நிமிஷ நடையில் புனித அகுஸ்தீன் ஆலயம். வாசற்படியில் நிற்கும் தேவமாதாவின் முன் யாத்ரீகத் தம்பதிகள் இருவர் மண்டியிடும் படம் அங்கே இருக்கிறது. புருஷனின் வெறும் பாதங்கள் பார்ப்பவர் கண்ணுக்கு நேரே இருக்கின்றன. நடந்து நடந்து அழுக்கேறிய பாதங்கள்! 1600களின் தொடக்கத்தில் இதைத் திறந்துவைத்தபோது ஊரில் ஒரே கூச்சலாம். பகல் முழுவதும் நடந்து சென்று அதன் முன் நின்ற நமக்கோ, அவ்வளவு மரியாதை வேறெந்தப் படமும் காட்டியதில்லை.

"பிளாரன்ஸ் எங்கே?" என்று நேயர்கள் கேட்கலாம். அதைப்பற்றி எழுதுவோர் ஆயிரம் பேர். அந்நகரத்துக்குத் தென்மேற்கே கிராமப்புறத்தில் உள்ள மாண்டெகுபோனி என்னும் கோட்டை மாளிகையை மட்டும் சொல்கிறோம். இரண்டாம் உலக யுத்தத்தின்போது பிளாரன்ஸின் உபிட்ஸி சித்திரசாலைப் படங்களை இங்கே கொண்டுவந்து ஒளித்திருந்தார்கள். போத்திச்செல்லியின் "வசந்தம்" அவற்றில் ஒன்று. 1944 ஜூலையில் போர்முனை நெருங்கியதும், சித்திரசாலையின் நூலகரான செஸாரே பஸோலா என்பவர், இரு சேனைகளுக்கும் நடுவே பிளாரன்ஸிலிருந்து நடந்தே வந்து படங்களுக்குத் துணையிருந்தார். பிறகு அந்த மாளிகையை அடைந்து படங்களுக்குக் காவல் நின்றவர்கள் யார்? 8ஆம் இந்திய டிவிஷனைச் சேர்ந்த மராட்டியச் சிப்பாய்கள். சுதந்திரமில்லாத தேசத்திலிருந்து பிறருடைய யுத்தத்துக்குக் கொண்டுவரப்பட்டவர்கள், பிறருடைய செல்வத்தைப் பத்திரமாக ஒப்படைத்தார்கள். உபிட்ஸியில் "வசந்தம்" முன் நெருக்கியடித்து நிற்கிறவர்களில் எத்தனை பேர் இதை அறிவார்கள்?

கடைசியாகக் கடற்கரை. வடமேற்கே, லிகூரியக் கடலில், சிங்க்வெ தெர்ரே எனப்படும் ஐந்து கிராமங்கள். செங்குத்தான மலை நேரே கடலில் இறங்குகிறது. இடுக்குகளில் மஞ்சளும் ரோஜா நிறமுமாக வீடுகள். கார்னிலியா கிராமத்துக்கு ஸ்டேஷனிலிருந்து ஏறக்குறைய 380 படி ஏற வேண்டும். மூட்டை சுமந்தவர்கள் பாதி வழியில் உட்கார்ந்து கடலைப் பார்ப்பதற்குக் கலை ரசனை மாத்திரம் காரணமல்ல!

இந்த அழகு இயற்கையின் கைவேலை என்று நினைத்தால் தவறு. மலை முழுவதையும் ஆயிரம் ஆண்டுகளாகக் குடியானவர்கள் படிப்படியாக வெட்டி, சாந்தில்லாமல் கல்லின்மேல் கல்லடுக்கி, திராக்ஷைக்கு நிலம் உண்டாக்கினார்கள். அந்த இடுக்குகளின் வழியே மழைநீர் மெல்லக் கசிந்து வடியும். இப்போது திராக்ஷை பயிரிடுவதைவிட விருந்தினருக்கு அறை விடுவது லாபம். ஒரு கல் விழுந்தால் எடுத்துவைக்க ஆளில்லை. விழுந்த இடத்தில் நீர் தேங்கி, சுவரே சரிகிறது. 2011 அக்டோபர் 25இல் கொட்டிய பெருமழையில் மலை இறங்கி வந்து வெர்னாட்ஸா கிராமத்தின் வீதியை ஓராள் உயரத்துக்குமேல் சேற்றில் புதைத்தது, உயிர்ச்சேதமும் உண்டு. மறு ஆண்டு, "காதல் பாதை" என்னும் கடலோரப் பாதையில் பாறை சரிந்து யாத்ரீகர் சிலர் காயமுற்றனர். அந்தப் பாதையை மறுபடி முழுதும் திறக்க 2024 ஆயிற்று. இப்போது அதற்கும் கட்டணம்.

வெர்னாட்ஸாவிலிருந்து மாண்டெரோஸோவுக்கு மலைமேல் ஒற்றையடிப் பாதை உண்டு. தக்க காலணியின்றி இத்தகைய பாதைகளில் ஏறினால் அபராதம் என்று 2019இல் விதி செய்தார்கள். செருப்புடன் வந்து காவற்காரருடன் வாதாட வேண்டாம். இரண்டு மணி நேர நடை. பல இடங்களில் இரண்டு பேர் ஒருசேரப் போக முடியாது. கொடிக்கால்களினிடையே புதிதாக அடுக்கிய சுவர்களைப் பழையவற்றினின்று எளிதில் பிரித்தறியலாம். புதியவற்றின் கற்களில் இன்னும் பாசி ஏறவில்லை. அவற்றை எண்ணிக்கொண்டே நடந்தோம். மாண்டெரோஸோ கண்ணுக்குத் தெரிவதற்குள் முப்பத்தொன்று எண்ணினோம்.